பிஎஸ்ஏ ஏறாத கட்டிகள்: புராஸ்டேட்டின் அரிய கட்டிகளை ஸ்கேன்கள் எவ்வளவு தூரம் காட்டும்?

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அது ஒரே வகைதான். சுரப்பியின் நுண்ணறைகளில் தொடங்கும் அசினார் அடினோகார்சினோமா என்று அதைச் சொல்வார்கள். புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ படத்துக்கு மதிப்பெண் இடும் முறை, பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் என்று இன்று மருத்துவர்கள் கையில் இருக்கும் கருவிகள் எல்லாம் அந்த ஒரு வகையை மனத்தில் வைத்து வளர்ந்தவை. அந்த நோயாளிகளுக்கு அவை பெரிய வரம்.

மீதிப் பேரின் கதை வேறு. அவர்களுக்கு வந்திருப்பது சுரப்பியின் நாளங்களில் முளைத்த கட்டியாக இருக்கலாம். சிறுசெல் புற்றாகவோ சார்கோமாவாகவோ லிம்போமாவாகவோ இருக்கலாம். மலக்குடல் சுவரிலிருந்து வளர்ந்துவந்து புராஸ்டேட்டை முட்டி நிற்கும் வேறொரு கட்டியாகவும் இருக்கலாம். இவற்றில் பலவற்றுக்குப் பிஎஸ்ஏ ஏறுவதில்லை. சில, எம்ஆர்ஐயில் பழகிய தோற்றத்தில் தெரிவதில்லை. சில, பிஎஸ்எம்ஏ ஸ்கேனில் ஒளிர்வதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு என்பதால், ஆரம்பத்தில் வகை தவறினால் மருந்தும் தவறுகிறது, மாதங்களும் போகின்றன. பெரியவர்களுக்கு வரும் இந்த அரிய கட்டிகளைப் பற்றிப் படங்கள் என்ன சொல்கின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படம் தனியாக நின்று அரிய கட்டிக்குப் பெயர் சொல்வது அபூர்வம். படமும் ரத்தப் பரிசோதனையும் நோயாளி சொல்லும் தொல்லையும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும் இடத்தில்தான் துப்பு கிடைக்கிறது.

நலமாக இருக்கும் நடுவயது ஆணின் புராஸ்டேட் சுமார் 20 முதல் 25 கிராம் எடை. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், சிறுநீர்ப் புறவழியைச் சுற்றி அமைந்திருக்கிறது. அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ஜான் மெக்நீல் அதை மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார். வெளிமண்டலத்தில் சுரப்பித் திசுவின் 70 விழுக்காடு இருக்கிறது, வழக்கமான புற்றுநோயும் பெரும்பாலும் அங்கேயே தொடங்குகிறது. முதுமையில் வரும் சாதாரண வீக்கம் உள்ளே, புறவழியை ஒட்டிய இடைமண்டலத்தில் வருகிறது. கட்டி எந்த மண்டலத்தில் மையம் கொண்டிருக்கிறது என்பது அரிய வகைகளைப் பிரித்தறியும்போது பெரிதும் உதவும்.

இந்தச் சுரப்பியை முதலில் பயனுள்ள வகையில் படம் பிடித்தது அல்ட்ராசவுண்ட். ஜப்பானின் ஹிரோகி வதனபே 1960-களின் இறுதியில் மலக்குடல் வழியே ஒலி அலைகளைச் செலுத்திப் படம் எடுத்தார். பின்னர் அந்த முறை ஊசிக்கு வழிகாட்டும் கருவியாகி, 1989-க்குப் பிறகு ஆறு இடங்களில் முறையாக ஊசி போடும் பயாப்சி பரவியது. ஆனால் அல்ட்ராசவுண்டில் புற்றும் நல்ல திசுவும் பல நேரம் ஒன்றுபோலவே தெரியும். ஊசி பெரும்பாலும் கண் தெரியாமல்தான் இறங்கியது. பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடந்து 2017-இல் வெளியான புராமிஸ் ஆய்வு இந்தக் குறையை அளந்து காட்டியது. கவனிக்க வேண்டிய புற்றுநோய்களில் 93 விழுக்காட்டைப் பல வகைப் படங்களைச் சேர்க்கும் எம்ஆர்ஐ பிடித்தது, வழக்கமான அல்ட்ராசவுண்ட் பயாப்சி பிடித்ததோ 48 விழுக்காடு. அடுத்த ஆண்டு வந்த பிரிசிஷன் ஆய்வும் எம்ஆர்ஐ பார்த்துப் போடும் ஊசிக்கே சாதகமாக அமைந்தது.

எம்ஆர்ஐ மூன்று விதமான படங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. டி2 படத்தில் நீர்மம் நிறைந்த நல்ல சுரப்பித் திசு வெளுத்தும், செல்கள் நெருக்கமாக மண்டிய புற்று கருத்தும் தெரியும். டிஃப்யூஷன் படம் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்று காட்டும். செல்கள் நெருங்கினால் அசைவு குறையும், அதை ஏடிசி என்ற அளவால் குறிப்பார்கள். கேடோலினியம் மருந்து ஏற்றி எடுக்கும் படம் ரத்த ஓட்டத்தைக் காட்டும். இவற்றைச் சேர்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும் பைராட்ஸ் முறை 2012-இல் ஐரோப்பாவில் தொடங்கி, 2019-இல் 2.1 பதிப்புக்கு வந்திருக்கிறது.

பைராட்ஸ் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: கவனிக்க வேண்டிய புற்றுநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? என்ன வகை என்று அது சொல்வதில்லை, அதற்காக அது படைக்கப்படவும் இல்லை. 1.5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கருத்த கட்டி 5 வாங்கும். 10 சென்டிமீட்டர் சார்கோமாவும் 5 வாங்கும், லிம்போமாவும் வாங்கும், காசநோய்க் கட்டியும் வாங்கும். ரிப்போர்ட்டில் 5 என்று பார்த்ததும் நோயாளியும் சில நேரம் மருத்துவரும் வழக்கமான புற்றுநோய் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மதிப்பெண்ணுக்குக் கீழே எழுதியிருக்கும் நாலு வரி வர்ணனைதான் அரிய கட்டிக்குரிய இடம். அதை யாரும் படிக்காமல் விடக்கூடாது.

அடினோகார்சினோமா குடும்பத்திலேயே படத்தை ஏய்க்கும் உறவினர்கள் உண்டு. நாள அடினோகார்சினோமா பெரும்பாலும் சிறுநீர்ப் புறவழியை ஒட்டி, அதன் உள்ளே விரல்விரலாக நீட்டி வளரும். அதனால் சிறுநீரில் ரத்தமும் அடைப்பும் சீக்கிரம் வரும். பிஎஸ்ஏ கட்டியின் அளவுக்குத் தக்கபடி ஏறாமல் போகலாம். 1967-இல் மெலிகோவும் பாக்டரும் இதை முதலில் விவரித்தபோது, நுண்ணோக்கியில் கருப்பை உட்படலப் புற்றைப் போல இருந்ததால், ஆணின் உடலில் எஞ்சிய பெண்வழிக் கருத்திசுவிலிருந்து வந்தது என்று நினைத்தார்கள். பிறகு இதுவும் பிஎஸ்ஏ சுரக்கும் புராஸ்டேட் புற்றே என்று தெரிந்தது. எம்ஆர்ஐயில் சில நாளக் கட்டிகள் வழக்கமான புற்றின் அளவுக்குக் கருப்பதில்லை, அதனால் தப்பிவிடுகின்றன. ரத்தம் போகிறது, புறவழிக்கு அருகில் ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் சிஸ்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பதே நல்லது.

சளிவகைப் புற்று இன்னும் பிடிகொடுக்காதது. கட்டியில் கால் பங்குக்காவது செல்களுக்கு வெளியே சளி தேங்கியிருந்தால் இந்தப் பெயர் தருவார்கள். சளி என்பது பெரும்பாலும் நீர். ஆகவே டி2 படத்தில் கட்டி கருக்காமல் வெளுக்கிறது, ஏடிசி குறையாமல் உயர்கிறது. நல்ல வெளிமண்டலத் திசுவுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும். பிஎஸ்ஏ ஏறியிருக்க எம்ஆர்ஐ சுத்தமாக இருந்தால், இப்படியும் ஒரு வகை உண்டு என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

செதிள்வகைப் புற்று, அடித்தளச் செல் புற்று, சார்கோமா போல உருமாறும் கார்சினோமா ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். படத்தில் இவற்றுக்கென்று தனி அடையாளம் இல்லை. செதிள்வகையும் உருமாறும் வகையும் முன்பு கதிர்வீச்சோ ஹார்மோன் சிகிச்சையோ பெற்றவர்களிடம் பலமுறை காணப்படுகின்றன என்பதே அறிய வேண்டியது.

சிறுசெல் புற்றைப் பற்றி விரிவாகப் பேசியாக வேண்டும், ஏனென்றால் இதில் தாமதம் உயிரைக் கேட்கும். இது நியூரோஎண்டோகிரைன் வகை. நேராகவே தோன்றலாம், அல்லது வழக்கமான புற்றுக்கு ஹார்மோன் தடுப்புச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவரிடம் கட்டி தன் இயல்பை மாற்றிக்கொண்டும் தோன்றலாம். ஹார்மோன் தடுப்புக்கு அடங்காமல் பரவிய நோயில் மறுபடி பயாப்சி எடுத்த 160 பேரில் சுமார் 17 விழுக்காட்டினரிடம் சிறுசெல் மாற்றம் இருந்ததாக 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. புதிதாக நோய் கண்டவரிடம் மிக அரிதான ஒன்று, நீண்ட சிகிச்சைக்குப் பிறகு அவ்வளவு அரிதாக இல்லை.

மாறிய செல்கள் பிஎஸ்ஏ சுரப்பதை விட்டுவிடுகின்றன. ரத்த ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும்போதே கல்லீரலிலும் நுரையீரலிலும் கட்டிகள் வளர்ந்துகொண்டிருக்கும். வழக்கமான புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவினால் எலும்பை இறுக்கி வெளுக்கச் செய்யும், சிறுசெல் புற்றோ எலும்பை அரித்துக் குழியாக்கக்கூடும். அரிக்கும் வகைப் பரவலை டெக்னீசியம் எலும்பு ஸ்கேன் சில நேரம் குறைத்துக் காட்டும். ஆகவே சிடி ஸ்கேனில் கல்லீரல் கட்டி, அரிக்கப்பட்ட எலும்பு, வயிற்றில் பெரிய நிணநீர்க் கணுக்கள், கூடவே தாழ்ந்த பிஎஸ்ஏ என்று கண்டால், ரேடியாலஜிஸ்ட் தன் ரிப்போர்ட்டில் சிறுசெல் மாற்றம் இருக்கலாம், மறு பயாப்சி தேவை என்று எழுதத் தயங்கக் கூடாது. மருந்து ஹார்மோன் ஊசியிலிருந்து பிளாட்டினம் சார்ந்த கீமோதெரபிக்கு மாற வேண்டியிருக்கும்.

இனி தசையிலும் இணைப்புத் திசுவிலும் பிறக்கும் கட்டிகள். சார்கோமாக்கள் புராஸ்டேட் புற்றுகளில் 1 விழுக்காட்டுக்கும் கீழே. பெரியவர்களிடம் அதிகம் காண்பது லியோமயோசார்கோமா, குழந்தைகளிடம் ராப்டோமயோசார்கோமா. சிறுநீர் அடைத்துக்கொண்டு வருபவரிடம் இடுப்பெலும்புக் கூட்டை நிறைத்த கட்டியாக இது தென்படும். உள்ளே செத்த திசுவும் ரத்தக் கசிவும் கலந்திருப்பதால் எம்ஆர்ஐயில் ஒரே நிறமாக இராது. பிஎஸ்ஏ சாதாரணம். கட்டியின் பருமனுக்கும் பிஎஸ்ஏவுக்கும் இப்படி மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருந்தால், அடினோகார்சினோமாவை ஓரமாக வைத்துவிட்டு வேறு யோசிக்க வேண்டும்.

இவற்றோடு ஸ்ட்ரோமல் கட்டிகள் என்று ஒரு கிளை உண்டு. வீரியம் இன்னதென்று உறுதிப்படாத ஒன்றை ஸ்டம்ப் என்று சுருக்கிச் சொல்கிறார்கள், தெளிவாகக் கெட்டதை ஸ்ட்ரோமல் சார்கோமா என்கிறார்கள். திடப்பகுதியும் நீர்ப்பைகளுமாகக் கலந்து காட்சி தருவது ஸ்டம்ப். சாதாரண வயோதிக வீக்கம் என்று எண்ணி ஓரளவு சுரண்டி எடுத்துவிட்டு, மீண்டும் மீண்டும் வளர்ந்த பிறகு வகை தெரியவந்த நோயாளிகள் மருத்துவ இலக்கியத்தில் இருக்கிறார்கள். ஒரே கட்டியில் ஒரு பகுதி அமைதியாகவும் மறுபகுதி சார்கோமாவாகவும் இருக்கக்கூடும் என்பதால், ஊசி எங்கே இறங்குகிறது என்பதை எம்ஆர்ஐதான் தீர்மானிக்க வேண்டும். மருந்தேற்றிய படத்தில் ஒளிரும் திடப்பகுதியைக் குறிவைக்க வேண்டும், செத்த நடுப்பகுதியில் ஊசி விட்டால் வீண்.

நல்ல செய்தி தரும் அரிய கட்டியும் ஒன்று இருக்கிறது. பல்லறை நீர்ப்பைக் கட்டி, அதாவது மல்டிலாகுலர் சிஸ்டடினோமா, சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் மிகப் பெரிதாக வளரும். எம்ஆர்ஐயில் மெல்லிய தடுப்புகளோடு நீர் நிறைந்த அறைகள் தெரியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் தீங்கற்றது, முழுவதுமாக எடுத்துவிட்டால் போதும்.

நிணநீர்ச் செல்களின் புற்றான லிம்போமா வந்த புராஸ்டேட் முழுவதும் ஒரே சீராக வீங்கியிருக்கும். செல்கள் மிக நெருக்கமாக இருப்பதால் ஏடிசி வெகுவாகத் தாழ்ந்திருக்கும். இவ்வளவு வளர்ந்தும் பக்கத்துத் திசுக்கள் சிதையாமல் இருப்பதும், நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருப்பதும் துணைச் சான்றுகள். சர்க்கரையை ஏற்றி எடுக்கும் எஃப்டிஜி பெட் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். இதை அறுத்து எடுக்கத் தேவையில்லை, கீமோதெரபியும் ஆன்டிபாடி மருந்துமே சிகிச்சை. ஒரு நல்ல ரிப்போர்ட் பெரிய அறுவை ஒன்றைத் தவிர்க்கும் இடம் இது.

அதைவிடவும் தெளிவான பலன் தருவது மலக்குடலின் ஜிஸ்ட் கட்டி. இது புராஸ்டேட்டில் பிறப்பதே இல்லை என்று சொல்லலாம். மலக்குடலின் முன்சுவரில் வளர்ந்து புராஸ்டேட்டை முன்னே தள்ளும். விரல் விட்டுப் பார்த்தால் புராஸ்டேட்டே பெருத்தது போலிருக்கும். மலக்குடல் வழியே போடும் ஊசி புராஸ்டேட்டைத் தொடும் முன் ஜிஸ்ட்டைத்தான் துளைக்கும். அந்தத் திசு புராஸ்டேட் என்ற பெயரோடு ஆய்வகம் போகும், அங்கிருந்து புராஸ்டேட் சார்கோமா என்று முடிவு வரும். பக்கவாட்டில் வெட்டிய எம்ஆர்ஐ படத்தைப் பொறுமையாகப் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும். கட்டிக்கும் புராஸ்டேட்டுக்கும் நடுவே மெல்லிய கொழுப்புக் கோடு தெரிகிறதா, புராஸ்டேட்டின் உறை குலையாமல் இருக்கிறதா, கட்டியின் மையம் மலக்குடல் சுவரில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் சிடி117 சாயம் ஏறினால் அது பெரும்பாலும் ஜிஸ்ட். 2002 முதல் இமாட்டினிப் மாத்திரை இதற்கு அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. மாத்திரையால் கட்டியைச் சுருக்கி, சிறிய அறுவையோடு முடிக்க வாய்ப்புள்ள ஒருவர், தவறான பெயரால் மலக்குடலும் சிறுநீர்ப்பையும் சேர்ந்த பேரறுவைக்குப் போக நேர்வது பெருங்கொடுமை.

சிறுநீர்ப்பையின் யூரோதீலியல் புற்றும் உள்ளே இறங்கிப் புராஸ்டேட்டைப் பிடிக்கும். அப்போது கட்டி புறவழியை மையமாகக் கொண்டிருக்கும், பிஎஸ்ஏ பேசாது. அந்தப் புற்றுக்குச் சிறுநீர்ப்பையில் பிசிஜி மருந்து ஏற்றிக்கொண்டவர்களிடம் இன்னொரு சிக்கல் வருகிறது. காசநோய்க் கிருமியின் வலுவிழந்த உறவான பிசிஜி கிருமி புராஸ்டேட்டில் அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும், அவை எம்ஆர்ஐயில் 5 மதிப்பெண் புற்று போலவே தோன்றும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர் என்பதால் நம் நாட்டில் பிசிஜி ஏற்றாதவரிடமும் இதே தோற்றம் வரலாம். பிஎஸ்ஏவும் ஏறக்கூடும், எஃப்டிஜியும் ஒளிரக்கூடும். பழைய காசநோய் வரலாறு, நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீரில் சீழ் இருந்தும் சாதாரணக் கிருமி வளராதது ஆகியவற்றைக் கேட்டறியாத எம்ஆர்ஐ ரிப்போர்ட் இங்கே பாதி ரிப்போர்ட்தான்.

பெட் ஸ்கேனில் கடந்த பத்தாண்டுகளில் வந்த மாற்றம் பெரிது. புராஸ்டேட் செல்களின் மேற்பரப்பில் உள்ள பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் கேலியம்-68 மருந்துக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2020 டிசம்பரில் அனுமதி தந்தது. ஆஸ்திரேலியாவில் 302 பேரிடம் நடந்த புரோபிஎஸ்எம்ஏ ஆய்வில் பரவலைக் கண்டறியும் துல்லியம் இந்த ஸ்கேனுக்கு 92 விழுக்காடு, சிடியும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்ததற்கு 65 விழுக்காடு. ஆனால் அந்த 302 பேரும் உயர் ஆபத்துள்ள புராஸ்டேட் புற்று என்று உறுதியானவர்கள். அந்த எண்ணை எடுத்து சிறுசெல் புற்றுக்கோ நாளப் புற்றுக்கோ பொருத்தினால் ஏமாறுவோம். சிறுசெல் மாற்றம் நேர்ந்த செல்கள் பெரும்பாலும் பிஎஸ்எம்ஏ புரதத்தை இழந்துவிடுகின்றன, நாள வகையில் ஒளிர்வு ஆளுக்கு ஆள் மாறுகிறது. மறுபுறம், சிறுநீரகப் புற்று போன்ற வேறு கட்டிகளின் புதிய ரத்தக் குழாய்களும் பிஎஸ்எம்ஏ மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ஒளிர்ந்ததெல்லாம் புராஸ்டேட் புற்றும் இல்லை, ஒளிராததெல்லாம் நல்ல திசுவும் இல்லை.

வழக்கமான புராஸ்டேட் புற்று சர்க்கரையை மெதுவாகத்தான் எரிக்கிறது. அதனால் எஃப்டிஜி பெட் ஸ்கேன் இந்த நோய்க்கு உதவாது என்று நெடுங்காலம் ஒதுக்கிவைத்திருந்தார்கள். சிறுசெல் புற்று, சார்கோமா, லிம்போமா ஆகியவை சர்க்கரையை வேகமாக எரிப்பவை. ஆகவே பிஎஸ்எம்ஏயில் மங்கி எஃப்டிஜியில் ஒளிரும் இடம் ஒன்று இருந்தால், பயாப்சி ஊசி போக வேண்டிய இடம் அதுவே. லூட்டீசியம் கதிர்மருந்தைச் சோதித்த ஆஸ்திரேலியாவின் தெராபி ஆய்வு இப்படி இரண்டு ஸ்கேனும் முரண்பட்டவர்களைச் சேர்க்காமல் விட்டது. பிஎஸ்எம்ஏ இல்லாத கட்டியை அந்த மருந்து தேடிப் போகாது என்பதே காரணம். நியூரோஎண்டோகிரைன் மாற்றத்தைச் சந்தேகிக்கும்போது சோமட்டோஸ்டாட்டின் ஏற்பிகளைக் காட்டும் டோட்டாடேட் ஸ்கேனும் எடுக்கிறார்கள், அதன் பயன் நோயாளிக்கு நோயாளி மாறுகிறது. இந்த மருந்துகளில் பல சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பை தானே ஒளிர்ந்து பக்கத்துப் புராஸ்டேட்டை மறைக்கும். ஸ்கேனுக்கு முன் நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வது அதனால்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஆதாரங்களின் தரத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரிய கட்டிகளின் பட வர்ணனைகள் பெரும்பாலும் தனி நோயாளி அறிக்கைகளிலிருந்தும், ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகளில் சேர்ந்த சில பத்துப் பேரின் தொகுப்புகளிலிருந்தும் வருகின்றன. பழைய தொகுப்புகளில் சில டிஃப்யூஷன் படம் பரவுவதற்கு முந்தையவை. விசித்திரமாகத் தெரிந்த கட்டிகள் பத்திரிகையில் ஏறும், சாதாரணமாகத் தெரிந்த அரிய கட்டி ஏறாது. அதனால் பாடநூல் தரும் தோற்றங்களை நான் உறுதியான விதியாக எடுத்துக்கொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 2022-இல் புதுப்பிக்கப்பட்டபோது பெயர்களும் எல்லைகளும் சில இடங்களில் நகர்ந்தன, பழைய அறிக்கைகளைப் படிக்கும்போது அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். 10,000-க்கு மேற்பட்ட எம்ஆர்ஐ படங்களைக் கொண்டு நடந்த பைகை ஆய்வு 2024-இல் வெளியானபோது, கணினி 62 ரேடியாலஜிஸ்ட்களின் சராசரியைவிட நன்றாகச் செய்திருந்தது. மதிக்கத்தக்க சாதனை. ஆனால் அதற்குக் கொடுத்த வேலையும் பைராட்ஸின் அதே கேள்விதான்: கவனிக்க வேண்டிய புற்று உண்டா, இல்லையா? ஆயிரத்தில் ஒன்றாக வரும் கட்டியைக் கணினிக்குக் கற்பிக்கப் பல நாடுகளின் மருத்துவமனைகள் தங்கள் படங்களையும் திசு முடிவுகளையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். அது நடக்கும்வரை, ஒட்டாத விவரங்களைச் சேர்த்துப் பார்த்துச் சந்தேகப்படும் மருத்துவரின் மனமே இங்கே முதல் கருவி.

அந்த மனம் வேலை செய்ய விவரம் வேண்டும். நம் ஊர்களில் நோயாளி ஸ்கேன் சென்டருக்குப் பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டோடு போகிறார். அதில் ‘எம்ஆர்ஐ புராஸ்டேட்’ என்பதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்காது. படம் பார்ப்பவருக்குப் பிஎஸ்ஏ எவ்வளவு என்று தெரியாது, முன்பு ஹார்மோன் ஊசி போட்டதோ சிறுநீர்ப்பையில் பிசிஜி ஏற்றியதோ தெரியாது. பிஎஸ்ஏ 2 என்று தெரிந்தால் 9 சென்டிமீட்டர் கட்டியை அவர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

ஆகவே, புராஸ்டேட் கட்டி என்று சொல்லி ஸ்கேனுக்கு அனுப்பப்படுபவர்களும் அவர்களை அழைத்துச் செல்லும் பிள்ளைகளும் சில காரியங்களைச் செய்ய வேண்டுகிறேன். பிஎஸ்ஏ ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாகவும், பழைய ஸ்கேன்கள் பதிந்த குறுந்தகட்டையும், இதுவரை நடந்த சிகிச்சைகளின் விவரத்தையும் கையோடு கொண்டுபோய் ரேடியாலஜிஸ்ட்டிடம் கொடுங்கள். கட்டி பெரிதாக இருந்து பிஎஸ்ஏ குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அரிய வகை என்று பயாப்சி சொன்னால், பெரிய அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் அந்தத் திசுக் கண்ணாடி வில்லைகளையும் மெழுகுக் கட்டைகளையும் ஆய்வகத்திலிருந்து வாங்கி, இத்தகைய கட்டிகளை அதிகம் பார்க்கும் புற்றுநோய் மையம் ஒன்றில் படங்களோடு சேர்த்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், அது உங்கள் உரிமை.